மூளைக்காய்ச்சல் குணமாகி நான்கு மாதம் ஆகிறது, ஸ்கேனும் நார்மல். பிறகு ஏன் இந்த மறதியும் தள்ளாட்டமும்?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். கணவருக்கு வயது 36. நான்கு மாதத்துக்கு முன் நிமோகாக்கஸ் கிருமியால் மூளைக்காய்ச்சல் வந்து 16 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஐ.சி.யூ.வில் இரண்டு தடவை ஃபிட்ஸ் வந்தது. இப்போது எம்.ஆர்.ஐ. நார்மல், ரத்தம் நார்மல், ‘இனி பயமில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டிலோ மத்தியானத்துக்குள் துவண்டுவிடுகிறார், சொன்னது மறந்துபோகிறது, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறார், ராத்திரி பாத்ரூம் போகும்போது சுவரைப் பிடிக்கிறார், வலது காது மந்தம் என்கிறார். கணக்கு எழுதும் வேலைக்கு எப்போது போகலாம், பைக் எப்போது ஓட்டலாம், மாமியார் சொல்வதுபோல முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்ததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை கேள்விக்கும் அடியில் ஒன்று இருக்கிறது: எல்லாம் நார்மல் என்கிறார்களே, இவருக்கு இருப்பது நிஜமாகவே நோயின் மிச்சமா, இல்லை மனசா? நிஜம்தான். நீங்கள் எழுதிய ஐந்தும் இந்த நோய்க்குப் பின்னால் வரும் என்று நன்றாகத் தெரிந்தவை. பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பெரிய பின்விளைவு தங்குகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வெளியில் தெரியாத அசதி, மறதி வகையெல்லாம் இதற்கு மேல்.

நான் டாக்டர் இல்லை. நரம்பியல் நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பயிற்சி என் துறை. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது பற்றி நான் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்வியாக எடுத்துக்கொண்டு போங்கள். இன்னொன்று, நம் ஊரில் மூளையைச் சுற்றியுள்ள உறையில் தொற்று வந்தாலும் (மெனிஞ்சைட்டிஸ்) மூளைக்குள்ளேயே வந்தாலும் (என்செஃபலைட்டிஸ்) இரண்டையும் ‘மூளைக்காய்ச்சல்’ என்றே சொல்லிவிடுகிறோம். பின்விளைவுகள் இரண்டிலும் ஒன்றல்ல. கீழே எழுதுவது உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள முதல் வகைக்கு.

ஸ்கேன் நார்மல் என்பதை எப்படிப் படிப்பது? சீழ்க்கட்டி இல்லை, நீர் தேங்கவில்லை, பெரிய பக்கவாதத் தழும்பு இல்லை என்று பொருள். நல்ல செய்திதான். ஆனால் உட்காதின் நுண்மயிர் செல்கள் செத்ததை வழக்கமான மூளை எம்.ஆர்.ஐ. காட்டாது. யோசனையின் வேகம் குறைந்ததும் அதில் தெரியாது. வீட்டின் போட்டோவைப் பார்த்து உள்ளே ஒயரிங் எப்படி என்று சொல்ல முடியாதல்லவா, அப்படித்தான். எல்லாவற்றையும் ‘வீக்னஸ்’ என்ற ஒரே மூட்டையில் கட்டி டானிக் வாங்கிக் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ஒவ்வொரு தொல்லைக்கும் தனிக் காரணம், தனி அவகாசம் உண்டு. காதுக்கு அவகாசம் மிகக் குறைவு, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

மூளையைச் சுற்றி ஓடும் நீருக்கும் உட்காதுக்குள் இருக்கும் நீருக்கும் இடையே மெல்லிய கால்வாய் உண்டு. கிருமியும் அதனால் வரும் அழற்சியும் அந்த வழியாகக் காதுக்குள் போய்விடும், அதுவும் பெரும்பாலும் நோயின் முதல் சில நாட்களிலேயே. அங்கே அழிந்த செல்கள் திரும்ப முளைப்பதில்லை. ஆகவே காது மந்தம் நான்கு மாதம் கழித்தும் இருந்தால் ‘போகப் போகச் சரியாகும்’ என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. இதைவிட அவசரமான விஷயம், இந்த அழற்சிக்குப் பிறகு சிலருக்கு உட்காதின் சுருள் குழல் முதலில் நார் படிந்து, பிறகு எலும்பாக இறுகிவிடுகிறது. இது சில வாரங்களிலேயே தொடங்கக்கூடும். இறுகிய பிறகு காக்ளியர் இம்ப்ளான்ட்டின் (அறுவை செய்து உட்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) கம்பியை உள்ளே செலுத்துவது கஷ்டம், சிலருக்கு முடியாமலே போகும். அதனால்தான் மூளைக்காய்ச்சல் வந்த யாருக்கும் டிஸ்சார்ஜுக்கு முன்போ, வீடு திரும்பிய சில வாரத்துக்குள்ளோ செவித்திறன் சோதனை செய்ய வேண்டும் என்கிறார்கள். பேசினால் பதில் சொல்கிறார், அதனால் காது கேட்கிறது என்று விட்டுவிடுவது சகஜமாக நடக்கிறது. அமைதியான அறையில் ஒரு காதே போதும்; கல்யாண மண்டபத்தில்தான் குட்டு வெளிப்படும்.

எனவே இந்த வாரமே, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இரண்டு காதுக்கும் ஆடியோகிராம் எடுங்கள். மந்தம் என்று சொல்லாத இடது காதும் முக்கியம். பெரியவர்களுக்கு 25 டெசிபலுக்குள் இருந்தால் நார்மல் என்பார்கள். வலது மட்டும் போயிருந்தால், மீதத் திறனைப் பொறுத்து சாதாரண ஹியரிங் எய்டு, அல்லது கேட்காத பக்கத்துச் சத்தத்தைக் கேட்கும் காதுக்கு அனுப்பும் வகைக் கருவி. இடதும் குறைந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் உட்காதுக்கான நுண்பட எம்.ஆர்.ஐ.யையும் இம்ப்ளான்ட் செய்யும் மையத்தையும் கேளுங்கள். அதே டாக்டரிடம் இன்னொன்றையும் கேட்க மறக்காதீர்கள்: பழைய காதுச் சீழ், சைனஸ், எப்போதோ தலையில் பட்ட அடி இவற்றில் எதன் வழியாகவாவது கிருமி உள்ளே போனதா? குனியும்போது மூக்கின் ஒரு பக்கத்திலிருந்து தண்ணீர்போலத் தெளிவாகச் சொட்டுகிறதா, தொண்டையில் உப்புக் கரிக்கிறதா என்று கவனியுங்கள். அது சளியாக இல்லாமல் மூளைநீர்க் கசிவாக இருந்தால், அந்த ஓட்டையை அடைக்கும்வரை நோய் திரும்ப வரும் ஆபத்து உண்டு.

இரவுத் தள்ளாட்டமும் பெரும்பாலும் இதே காதின் வேலைதான். கேட்கும் உறுப்பும் சமநிலை உறுப்பும் உட்காதில் ஒட்டி இருக்கின்றன. தொற்று அங்கே புகுந்தால் பெரும்பாலும் இரண்டையும் தொடும். நாம் விழாமல் நிற்பது மூன்று தகவலால்: உட்காது, கண், பாதம் உணரும் தரை. உட்காது பழுதானால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும். வெளிச்சத்தில் சிமென்ட் தரையில் அவர் நேராக நடப்பது அதனால்தான். இருட்டில் கண் போய்விடுகிறது, மெத்தையிலோ கடற்கரை மணலிலோ பாதத்தின் தகவல் குழம்புகிறது. தலைக்குக் குளிக்கும்போது ஷாம்பு நுரைக்காகக் கண்ணை மூடும் அந்தச் சில விநாடிதான் வீட்டிலேயே மிக மோசமான இடம்: கண் இல்லை, தரை வழுக்கல், தலை குனிந்திருக்கிறது. பாத்ரூமில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிக்கச் சொல்லுங்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை முழங்காலுக்குக் கீழே எரியும் இரண்டு சின்ன இரவு விளக்கு வையுங்கள். மொத்தச் செலவு சில நூறு ரூபாய்தான்.

குணப்படுத்துவது மருந்தல்ல, பயிற்சி. கட்டைவிரல் நகம் அளவுக்கு ‘அ’ என்று ஒரு அட்டையில் எழுதி, கண் உயரத்தில் சுவரில் ஒட்டுங்கள். ஒரு கை தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை அந்த எழுத்திலேயே வைத்துக்கொண்டு ‘இல்லை இல்லை’ என்பதுபோலத் தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். அகலமாகத் திருப்ப வேண்டாம், 20 முதல் 30 டிகிரி போதும். எழுத்து மங்காமல், குதிக்காமல் தெரியும் வேகம்தான் சரியான வேகம். முதலில் 30 விநாடி, பிறகு ஒரு நிமிடம். நாளுக்கு நாலைந்து முறை. அடுத்தது ‘ஆமாம்’ என்பதுபோல மேலும் கீழும். ஒரு வாரம் உட்கார்ந்து சுலபமானால் நின்றபடி, அதுவும் சுலபமானால் பாதங்களைச் சேர்த்து, கடைசியில் மடித்த மெத்தை மேல் நின்று. நிற்கும் கட்டங்களில் பின்னால் சுவரும் பக்கத்தில் ஒரு ஆளும் கட்டாயம். செய்தபின் கொஞ்சம் கிறுகிறுக்கும், கிறுகிறுக்கவும் வேண்டும். மூளை அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. கால் மணி, இருபது நிமிடத்தில் அடங்கினால் அளவு சரி. ஒரு மணி நேரமாகியும் குமட்டினால் அளவைப் பாதியாக்குங்கள். இடையில் யாராவது ஸ்டெமெட்டிலோ ஸ்டூஜெரானோ மாதக்கணக்கில் போடச் சொல்லியிருந்தால் டாக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். முதல் சில நாள் சுற்றலுக்கு அவை உதவும். நீண்ட நாள் போட்டால் மூளை பழகிக்கொள்வதையே மந்தப்படுத்தும். ஒரு காதின் சமநிலை மட்டும் போயிருந்தால் சில மாதத்தில் நல்ல முன்னேற்றம் கிடைக்கும். இரண்டும் போயிருந்தால் முன்னேறலாம், ஆனால் இருட்டுத் தடுமாற்றம் ஓரளவு தங்கும். இரவில் மட்டும் தெரியும் தள்ளாட்டம் இந்த இரண்டாவது வகையாக இருக்கலாமோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அதுவரை ஆறு, கிணறு, நீச்சல் குளம் வேண்டவே வேண்டாம். தண்ணீருக்கடியில் உட்காது வேலை செய்யாதவருக்கு மேல் எது கீழ் எது என்றே தெரியாமல் போகும்.

அசதிக்கு வருகிறேன். இது உழைத்த களைப்பு மாதிரி இல்லை. பழைய இன்வெர்ட்டர் பேட்டரி முழு சார்ஜ் காட்டும், ஃபேன் ஓடும், யாராவது மிக்ஸியைப் போட்டதும் பொசுக்கென்று இறங்கிவிடும். காலையில் நன்றாக இருக்கிறாரே என்று உறவுக்காரர் நாலு பேர் வந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போனால் மறுநாள் முழுக்கப் படுக்கை. முதலில் வேறு காரணங்களைத் தள்ளுங்கள்: ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம், தைராய்டு, பி12. கூடவே ஒரு கேள்வி: காலை கார்ட்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) பார்க்கலாமா? மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்குப் பிட்யூட்டரி சுரப்பி மந்தமாகிறது, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு அட்ரினல் சுரப்பி மந்தமாகிறது. இரண்டுக்கும் முதல் அடையாளம் வெறும் அசதிதான், இரண்டுக்கும் மருந்து உண்டு. அதெல்லாம் சரியாக இருந்தால், மீதியை நாளைப் பிரித்துத்தான் சமாளிக்க வேண்டும். 25 நிமிட வேலை, 10 நிமிட ஓய்வு. ஓய்வு என்றால் செல்போன் இல்லாமல், டி.வி. சத்தம் இல்லாமல், கண்ணை மூடி. களைத்த பிறகு நிறுத்துவது தாமதம். களைப்புக்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். இது பெரும்பாலான ஆண்களுக்குப் பிடிக்காத அறிவுரை, நன்றாக இருக்கும் நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடத்தான் தோன்றும். அந்த ஒரு நாள் இரண்டு நாளைத் தின்னும். ஒரு வாரம் மறுநாள் பாதிப்பு இல்லாமல் போனால் மொத்த நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். மறுநாள் விழுந்தால் போன வார அளவுக்குத் திரும்புங்கள். மத்தியானத் தூக்கம் அரை மணிக்குள், மூன்று மணிக்கு முன்.

மறதி என்று நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் மறதியே இல்லை. நெதர்லாந்தில் பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் மீண்ட பெரியவர்களைச் சோதித்தபோது மூன்றில் ஒருவருக்குச் சிந்தனைத் திறனில் குறை இருந்தது. அதன் முக்கிய அடையாளம் வேகக் குறைவு. விஷயம் உள்ளே போவதே தாமதம். நீங்கள் மூன்று வேலையை ஒரே மூச்சில் சொன்னால் முதலாவது உள்ளே போவதற்குள் மூன்றாவது முடிந்துவிடுகிறது. பதியாததை எப்படி நினைவுபடுத்துவது? கேட்காத காது இதில் இன்னும் கொஞ்சம் தின்கிறது. ஆகவே இடது பக்கம் வந்து, டி.வி.யை நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் சொல்லுங்கள். அவர் வாயால் திருப்பிச் சொல்லட்டும். ஒரே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும், காலண்டர் பின்னால் ஒன்று, செல்லில் ஒன்று, பில் முதுகில் ஒன்று என்று சிதறினால் பயனில்லை. இடது பக்கத்தாளில் இன்றைய வேலை, வலது பக்கத்தாளில் நடந்தது. மாத்திரைக்கு வாராந்திரப் பெட்டி. முறையான மதிப்பீடு வேண்டுமானால் நியூரோசைக்காலஜி சோதனை கேளுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் செய்கிறார்கள், பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கிளினிக்கல் சைக்காலஜி பிரிவில் விசாரிக்கலாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும் 30 மதிப்பெண் சோதனையில் நல்ல மதிப்பெண் வந்தாலும் ஏமாற வேண்டாம். அது வேகத்தை அதிகம் அளப்பதில்லை. மூளைக்கு டானிக் என்று விற்கும் கேப்ஸ்யூல்களால் இது சரியாகும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. அந்தப் பணத்தை ஆடியோகிராமுக்கு வையுங்கள்.

கோபத்துக்கு வீட்டில் யாரும் யோசிக்காத ஒரு காரணம் உண்டு. ஃபிட்ஸுக்காக லெவிட்டிராசெட்டாம் கொடுத்திருக்கிறார்களா? லெவிபில் மாதிரியான பெயர்களில் வரும். நல்ல மருந்து, நிறைய எழுதப்படுகிறது. ஆனால் எரிச்சல், ஆத்திரம், மனச்சோர்வு அதன் அறியப்பட்ட பக்கவிளைவு. கோபம் எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள். மாத்திரை தொடங்கிய வாரங்களிலோ அளவு கூட்டிய பிறகோ என்றால் அதை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மாற்று மருந்து இருக்கிறது. நீங்களே ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் ஃபிட்ஸ் வரலாம். மாத்திரை காரணமில்லை என்றால், குக்கர் விசில், பிள்ளைகள் சண்டை, போன் மணி மூன்றும் ஒன்றாக வரும் சாயங்கால ஆறு மணியைப் பாருங்கள். சத்தத்தை வடிகட்டும் சக்தி மூளையில் குறைந்திருக்கும்போது கோபம்தான் வெளியே வரும் வழி. அந்த நேரம் அவர் எழுந்து வேறு அறைக்குப் போவதற்கு முன்கூட்டியே ஒரு வார்த்தையைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள், போனபின் யாரும் பின்னால் போகக் கூடாது. தூக்கம் கெடுவது, ஐ.சி.யூ. நினைவுகள் கனவில் வருவது, வாழ்க்கையே வேண்டாம் என்ற பேச்சு இவற்றில் எது இருந்தாலும் மனநல மருத்துவர் தேவை. உடனடியாகப் பேச அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழிலும் கிடைக்கும். உங்களுக்கும் அதே எண்தான். நான்கு மாதமாக ராத்திரி விழித்திருப்பவர் நீங்கள்.

ஃபிட்ஸ் பற்றிக் கொஞ்சம் உறுதியான கணக்கு உண்டு. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ஒரு பகுதி மக்களை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து 1988-ல் வெளியான ஆய்வில், பாக்டீரியா மூளைக்காய்ச்சலின்போதே ஃபிட்ஸ் வந்தவர்களில் 13 சதவீதத்துக்கு அடுத்த 20 வருடத்தில் காரணமின்றி ஃபிட்ஸ் வந்தது. அப்போது வராதவர்களில் 2.4 சதவீதத்துக்கு. உங்கள் கணவர் முதல் கூட்டம். பழைய கணக்குதான், எண்ணை அப்படியே இவர்மேல் பொருத்த முடியாது. ஆனால் இரண்டு விஷயம் தெரிகிறது: பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை, வரும் ஆபத்து மாதத்தில் முடிவதும் இல்லை. மாத்திரையை எத்தனை மாதம் தொடர்வது என்பதில் நிபுணர்களிடையே ஒரே கருத்து கிடையாது, அது அவருடைய நியூராலஜிஸ்ட் முடிவு. தூக்கமின்மையும் மதுவும் ஃபிட்ஸை இழுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. வந்துவிட்டால் கையில் இரும்புச் சாவி கொடுக்க வேண்டாம், வாயில் ஸ்பூன் வைக்க வேண்டாம், பிடித்து அமுக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. பாத்ரூம் கதவை உள்தாழ் போட வேண்டாம், ஏணி ஏற வேண்டாம்.

முதுகு ஊசி விஷயம். மாமியாருக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: அந்த ஊசி போடும் இடத்தில் முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடமே இல்லை, அது மேலேயே முடிந்துவிடுகிறது; கீழே நரம்பு நூல்கள்தான் நீரில் மிதக்கின்றன. எடுத்த நீரை உடம்பு ஒரு நாளுக்குள் மறுபடி ஊறவைத்துவிடும். அந்த ஊசியால் வருவது ஒரு குறிப்பிட்ட தலைவலி: எழுந்து உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் குறையும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் போய்விடும். காதும் மறதியும் தள்ளாட்டமும் நோயால் வந்தவை. அந்த நீரைப் பார்க்காமல் எந்தக் கிருமி என்று தெரிந்திருக்காது, சரியான ஆன்டிபயாடிக்கும் போயிருக்காது. நோய்க்குப் பிந்தைய தலைவலி மாதக்கணக்கில் நீடிப்பது உண்டு. அதற்காகப் பாராசிட்டமாலை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் போட்டுக்கொண்டே போனால் மாத்திரையே தலைவலியைத் தர ஆரம்பிக்கும், எண்ணி வையுங்கள். இந்தத் தலைவலிகளுக்கு நடுவே தப்பக்கூடாத சில: காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்து வருவது, காலையில் மோசமாகி வாந்தியோடு வரும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், புதிதாக இரட்டைப் பார்வை. இவை வந்தால் அன்றே எமர்ஜென்சி. பாதம் தரையில் ஒட்டினாற்போல நடை, கூடவே சிறுநீர் அடக்க முடியாமை, யோசனையில் மந்தம் என்று வாரங்களில் மெல்லச் சேர்ந்தால் மூளையில் நீர் தேங்குகிறதா என்று மறு ஸ்கேன் கேட்க வேண்டும். முன்பு எடுத்த நார்மல் ஸ்கேன் அதற்குப் பதிலாகாது.

டி.பி.யால் வந்த மூளைக்காய்ச்சல் உள்ள வீட்டார் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. அங்கே மருந்தே ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஓடும், மூளையில் நீர் தேங்கி ஷன்ட் (அதை வடிக்கும் குழாய்) வைப்பதும் பார்வை குறைவதும் கூடுதல். எத்தாம்பியூட்டால் என்ற டி.பி. மாத்திரை எடுக்கும்போது நிறங்கள் மங்கினால் அடுத்த ரிவ்யூவரை காத்திருக்க வேண்டாம். ஃபிட்ஸ் மாத்திரையும் டி.பி. மாத்திரையும் ஒன்றின் அளவை மற்றது ஏற்றி இறக்கும். இரண்டு டாக்டருக்கும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள்.

வேலைக்கு ஒரே நாளில் முழு நேரமாகத் திரும்புவதுதான் தோற்றுப்போகும் வழி. வாரத்துக்கு மூன்று நாள், காலை மூன்று மணி நேரம் என்று ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டலாம். கணக்கு வேலையில் முதலில் பிசகுவது கூட்டல் இல்லை, ஒரு பக்கத்துத் தொகையை மறுபக்கத்துக்கு எடுத்து எழுதுவது. ஆகவே புது வரவு செலவைக் காலையிலும், சரிபார்ப்பை மறுநாள் காலையிலும் வைத்துக்கொள்ளட்டும், மத்தியானத்துக்கு மேல் எழுதியதை அன்றே மூட வேண்டாம். மேசை சுவரோரமாக, இடது காது ஆட்கள் இருக்கும் பக்கமாக. அரசுப் பணி என்றால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனம் வந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. தனியார் நிறுவனத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, அங்கே டாக்டரின் கடிதமும் பேச்சுவார்த்தையும்தான். ஒரு காது மட்டும் கேட்காததற்கு மாற்றுத்திறனாளி அட்டை எதிர்பார்க்காதீர்கள். சட்டம் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பிலிருந்துதான் பேசுகிறது.

எப்போது பழையபடி? பெரிய முன்னேற்றம் முதல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தெரியும். அசதியும் வேகமும் அதற்குப் பிறகும் மெல்லத் தேறுவது உண்டு. காது திரும்புவதில்லை, கருவியால் ஈடுகட்டலாம். மற்றவை எந்த அளவுக்கு என்று நான்காவது மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது, சொல்பவரை நம்பவும் வேண்டாம். நிமோகாக்கஸ் தடுப்பூசியைப் பற்றி அடுத்த ரிவ்யூவில் கேளுங்கள், ஒருமுறை வந்ததால் மறுமுறை வராது என்பதில்லை. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது குழந்தைகளுக்கு மட்டும். பெரியவர்கள் வெளியில் வாங்கிப் போட வேண்டும்.

பைக்கை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன், வீட்டில் பெரிய சண்டை அதற்காகத்தான் நடக்கும். லைசென்ஸுக்கான படிவம் ஒன்றில், வலிப்போ திடீர் மயக்கமோ தலைசுற்றலோ உண்டா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். மறைத்து ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரலாம். அது ஒரு பக்கம். ஒரு காதில் மட்டும் கேட்பவருக்கு ஹாரன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. சமநிலை போனவர் பின்னால் திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்தில் வண்டி சாயும். நியூராலஜிஸ்ட் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். வெளிச்சம் குறைந்த இடத்தில் நடந்துகொண்டே இரண்டு தோளையும் மாற்றி மாற்றித் திரும்பிப் பார்த்தாலும் அடி பிசகக் கூடாது. மாலை நேரத்திலும் காலைபோல விழிப்பு இருக்க வேண்டும். இந்த மூன்றும் வரும்வரை பஸ், ஆட்டோ, இல்லை உங்கள் ஸ்கூட்டரின் பின் சீட். முதல் தடவை எடுக்கும்போது காலி மைதானத்தில், பகலில், பின்னால் யாரையும் ஏற்றாமல் ஓட்டிப் பார்க்கட்டும். வலது பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் பெரிதாக மாற்றிவிடுங்கள்.